மாதா படத்துக்குக் கீழே ஒரு பேட்ஜ்

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். என் வீட்டுக்காரர் அருள்ராஜைப் பத்திப் பேசும்போது சில இடத்துல "அவர்"னு வரும், சில இடத்துல "அவன்"னு வரும். திருத்தச் சொல்லாதீங்க. எனக்குக் கோபம் ஏறி இறங்குறதைப் பொறுத்து அது தன்னால வரும், நான் ஒண்ணும் செய்ய முடியாது.

என் பேரு சங்கீதா. துபாய்ல ஒரு ஏர்லைன்ல கேபின் க்ரூ. எந்த ஏர்லைன்னு கேக்காதீங்க, இன்னும் சம்பளம் அவங்கதான் போடுறாங்க. பொறந்தது நம்ம தெக்கத்தி நாசரேத், வளந்தது குவைத் அப்பாசியாவுல. அப்பா இன்னும் அங்கதான் மளிகைக்கடை வச்சிருக்கார். அருளுக்கு குளச்சல் பக்கம் கடற்கரை ஊரு. இங்க பைப்லைன் சைட்ல வேலை. டாக்டர் எலும்பை எக்ஸ்ரே எடுக்குற மாதிரி இவர் இரும்புக் குழாயோட வெல்டிங்கைப் படம் எடுத்து, உள்ள கீறல் இருக்கான்னு பாப்பார். ஆக, ரெண்டு பேருமே ரேடியேஷன்ல சோறு திங்கிறவங்கதான். அவருக்குக் குழாய்ல இருந்து வருது, எனக்கு வானத்துல இருந்து வருது. கல்யாணத்துக்கு முன்னாடி இதைச் சொல்லிச் சிரிச்சிருக்கோம்.

போன வருஷம் எனக்கு ஒரு பிள்ளை உண்டாகி அஞ்சாம் மாசம் போயிடுச்சு.

தெரிஞ்ச அன்னைக்கே ஆபீஸ்ல சொல்லிட்டேன். சொன்ன உடனே பறக்குற டூட்டியை எடுத்துட்டாங்க, ரூல் அப்படி. ஷார்ஜா ஃப்ளாட்ல தனியாக் கிடக்க வேண்டாம், ஊர்ல அவங்க அம்மாகிட்ட, அதான் என் மாமிகிட்ட, போய் ரெஸ்ட் எடுன்னு அருள்தான் அனுப்பினார். எனக்காகவே அங்க ஒரு புது ரூம் கட்டியிருந்தார். டைல்ஸ், அட்டாச்டு பாத்ரூம், ஜன்னலைத் திறந்தா கடல் காத்து, சுவத்துல பெரிய மாதா படம். நம்ம மேல இவ்வளவு பாசமான்னு நினைச்சுகிட்டுதான் நான் போய்ப் படுத்தேன். மாமியும் குறை வைக்கல. மீன் குழம்பும் கஞ்சியும் கட்டிலுக்கே வந்துச்சு. அந்தக் கட்டில்லதான் எனக்கு வலி வந்துச்சு.

டாக்டரம்மா, காரணம் இன்னதுன்னு சொல்ல முடியாதும்மா, சிலருக்கு இப்படி ஆகும், அடுத்தது நல்லா நிக்கும்னு சொன்னாங்க. நான் அதைப் புடிச்சுகிட்டு எப்படியோ எழுந்து உக்காந்தேன். அப்பதான் துக்கம் கேக்க வந்த பொம்பளைங்ககிட்ட மாமி வெளி ஹால்ல சொன்னது கேட்டுச்சு. கதவு திறந்துதான் இருந்துச்சு.

"இஞ்ச வந்து நான் என்ன கவனிச்சு என்ன? பிள்ளைய ஆகாசத்துலயே கரைச்சிட்டுல்லா வந்து படுத்திருக்கா."

யாரோ வீட்டுப் பையன் ஃபோன்ல ஒரு வீடியோ காட்டியிருக்கான். வட துருவம் வழியாப் போற விமானத்துல ரேடியேஷன் ஜாஸ்தி, கர்ப்பிணிங்க போகக்கூடாதுன்னு. நான் உண்டானது தெரியுறதுக்கு முன்னாடி அமெரிக்கா ஃப்ளைட் போயிருக்கேன், அதைக் கோர்த்துட்டாங்க. முழுப் பொய்யின்னும் தள்ளிட முடியாது. அங்க மேல வானத்துல இருந்து வர்ற கதிர் அதிகம்தான், எங்க ட்ரெயினிங்லயே ஒரு ஸ்லைடு போட்டுச் சொன்னாங்க. எவ்வளவு வாங்குறோம்னு கம்பெனி கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுக்கும். யார் உடம்புலயும் எதையும் மாட்டி அளக்குறதில்லை.

நான் திரும்பி வேலைக்கு வந்துட்டேன். அன்னையில இருந்து ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பூசை முடிஞ்சு மாமி கூப்பிடுவாங்க. வேலையை விட்டியா மக்ளே? எப்ப விடுவே? அடுத்ததையும் கரைக்கப் போறியா? அருள் பக்கத்துல உக்காந்து காலை ஆட்டிகிட்டு டிவி பாப்பார். ஒரு நாள் எனக்குத் தாங்கல. ஃபோனை வச்சதும் கத்திட்டேன்.

"உங்க அம்மா என்னைக் கொலைகாரிங்கிறாங்க. நீங்க கிரிக்கெட் பாக்குறீங்க."

"அம்மாவுக்கு என்ன தெரியும் சங்கீ? விடு."

"உங்களுக்குத் தெரியும்ல? நீங்க சொல்லுங்க. பறந்ததாலதான் போச்சா?"

அவர் டிவியை அணைச்சார். "சும்மா பேசி என்ன பிரயோஜனம், அளந்து பாத்துருவோம்"னார். சைட்ல அவங்க சட்டையில மாட்டுற மாதிரி, கதிரை அளக்குற ஒரு டோஸ் பேட்ஜை நான் மாட்டிகிட்டு மூணு மாசம் பறக்கணும். "மிஷின் பொய் சொல்லாது. அதிகமா வந்தா நீ வேலையை விட்டுரு. கம்மியா வந்தா அம்மாகிட்ட நானே பேசுறேன். இனி ஒரு வார்த்தை உன்னைச் சொல்ல விடமாட்டேன். சத்தியம்."

எனக்கு அது போதுமா இருந்துச்சு. இந்த மனுஷன் என் பக்கம் நின்னு ஒரு வார்த்தை சொல்லணும், அவ்வளவுதான் நான் கேட்டது. அதுக்குக்கூட ஒரு மிஷின் வேண்டியிருக்கேன்னு அன்னைக்கு எனக்கு உறைக்கல.

எங்க பில்டிங்ல மூணாவது மாடியில பத்மாக்கா இருக்காங்க. மதுரைக்காரங்க. ஷார்ஜாவுல ஒரு லேப்ல அவங்களுக்கு வேலையே இந்த பேட்ஜ்களைப் படிக்கிறதுதான். ஆஸ்பத்திரி, சைட்னு எல்லா இடத்துல இருந்தும் வரும், இவங்க மிஷின்ல போட்டு யார் எவ்வளவு வாங்கியிருக்காங்கன்னு சொல்லுவாங்க. அவங்க ரெண்டு பேட்ஜ் குடுத்தாங்க. ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு கன்ட்ரோல்.

"கன்ட்ரோல்னா ஒண்ணுமில்லடி. எங்க போனாலும் மண்ணுல, சுவத்துல கொஞ்சம் ரேடியேஷன் இருக்கும். அதனால எதுவும் இல்லாத சுத்தமான இடத்துல ஒரு பேட்ஜை வச்சிடுவோம். கடைசியில உன்னுதுல இருந்து அதைக் கழிச்சா, மிச்சம் வானத்துல வாங்கினது. எங்க லேப் அலமாரியில ஒண்ணு எப்பவும் இருக்கும், அதையே வச்சுக்கலாம். உனக்கு வேணும்னா தனியா ஒண்ணு வச்சுக்கோ."

அருள் ஒத்துக்கல. லேப்ல ஊர்ப்பட்ட கம்பெனி பேட்ஜ் வந்து போகும், அது சரிவராதாம். எங்க ஃப்ளாட்டும் வேண்டாம், அவர் சைட்ல இருந்து வர்ற இடம். அவருக்கு அந்த வாரம் ஊருக்கு லீவு. பேட்ஜை எடுத்துப் பர்ஸுக்குள்ள வச்சுகிட்டார்.

"சுத்தமான இடம்னா நம்ம வீடுதான். அம்மா கண்ணு முன்னாடியே இருக்கட்டும். நாளைக்கு, அது எங்க வச்சியோ எப்படி அளந்தியோன்னு ஒரு பேச்சு வரக்கூடாது."

"அந்தப் பக்கம் மணல்ல ஏதோ இருக்குன்னு நியூஸ்ல வருமே அருள்?"

சட்டுன்னு மூக்கு சிவந்துடுச்சு அவருக்கு. "அது ஆலைக்காரன் தோண்டுற கருமணல். ஊர்ல அதுக்குன்னே கூட்டம் போட்டு மைக் புடிக்க நாலு பேரு இருக்கான். எங்க தாத்தா அந்த மணல்ல படுத்து உறங்கித்தான் எண்பது வயசு இருந்தாரு. ரேடியேஷனைப் பத்தி நீ எனக்குப் பாடம் எடுக்காத."

சரி சாமின்னு விட்டுட்டேன். படிச்ச தொழிலை ஊர் எல்லையில செருப்போட கழட்டி வச்சிட்டு உள்ள போற மனுஷனை நான் என்ன பண்றது? பேட்ஜ் ஊருக்குப் போச்சு. புது ரூம்ல மாதா படத்துக்குக் கீழே, மெழுகுவத்தி ஏத்துற பலகையில வச்சு, "யாரும் தொடாதீங்க"ன்னு சொல்லிட்டு வந்தார். ஃபோட்டோ எடுத்து எனக்கும் அனுப்பினார். மாமிக்குப் பரம சந்தோஷம். மாதாவே கணக்குப் பாக்கப் போறான்னு அக்கம்பக்கத்துல சொல்லியிருக்காங்க.

நான் பறந்தேன். வழக்கமா அமெரிக்கா ஃப்ளைட்டை க்ரூவுக்குள்ள மாத்திக்குவோம், ஒருத்தி டூட்டியை இன்னொருத்தி எடுத்துப்பா. இந்தத் தடவை நான் யாருக்கும் குடுக்கல. வேணும்னே போலார் ரூட்டாக் கேட்டு வாங்கினேன். அளக்குறதுன்னா அடி வரைக்கும் அளக்கட்டும்னு ஒரு வீம்பு. யூனிஃபார்ம் வெயிஸ்ட்கோட்டுக்கு உள்பக்கம், நெஞ்சுகிட்ட பேட்ஜைக் குத்தியிருப்பேன். பெட்டியில போடாதே, லக்கேஜ் மிஷின்ல எக்ஸ்ரே அடிச்சு நாசமாப் போகும்னு பத்மாக்கா எச்சரிச்சிருந்தாங்க.

வட துருவம்னா என்னமோ பெரிசா நினைப்பீங்க. கீழ வெறும் வெள்ளை. மேல இருக்குற எங்களுக்கு அங்கயும் வேலைதான். பூமி உச்சியில நின்னுகிட்டு ஒருத்தனுக்குக் கப் நூடுல்ஸ்ல சுடுதண்ணி ஊத்துறேன், இன்னொருத்தன் கம்பளி பத்தலைன்னு கைதட்டிக் கூப்பிடுறான். வேலை ஓஞ்சதும் கதவுப் பக்கத்துல இருக்குற சின்னக் கண்ணாடி வழியாப் பாப்பேன். சில நாள் பச்சையா வெளிச்சம் ஆடும். மத்த பொண்ணுங்க ஓடி வந்து ஃபோட்டோ எடுப்பாங்க. நான் வெயிஸ்ட்கோட்டை அமுக்கிப் புடிச்சுகிட்டு, "போதும் தாயி, ரொம்ப வாங்காத, கொஞ்சமா வாங்கு"ன்னு பேட்ஜ்கிட்ட கெஞ்சிகிட்டு நிப்பேன். சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. ஆனா அப்படித்தான் நின்னேன்.

இதுக்குள்ள அருளோட தங்கச்சி ஷைனிக்கு ஏழாம் மாசம். தலைப்பிரசவம் தாய் வீட்டுலதானே? சீர் செஞ்சு கூட்டிட்டு வந்து அந்தப் புது ரூம்லயே படுக்க வச்சிட்டாங்க. எனக்காகக் கட்டின ரூம், யாருக்காவது உதவட்டும்னு நானும் நினைச்சேன். ஷைனி நல்ல பொண்ணு. ஆஸ்பத்திரியில என் கையைப் புடிச்சுகிட்டு அழுதது அந்த வீட்டுல அவ ஒருத்திதான்.

மூணு மாசம் முடிஞ்சு, ஷார்ஜா வந்த ஊர்க்காரர் ஒருத்தர்கிட்ட மாமி கன்ட்ரோல் பேட்ஜைக் குடுத்து விட்டாங்க. ஏர்போர்ட் எக்ஸ்ரே மிஷின்ல படாம அதை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில வச்சுக்கணும்னு அருள் அவர்கிட்ட சொல்லி வச்சிருந்தார். நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தோட ஒரே கவர்ல வந்துச்சு. மோந்து பாத்துட்டு பத்மாக்கா, "இதை மிஷின்ல போட்டா மிஷின் சோறு கேக்கும்டி"ன்னு சொல்லித் தொடச்சு எடுத்துகிட்டுப் போனாங்க.

ரெண்டு நாள் கழிச்சு, பில்டிங்குக்குக் கீழ இருக்குற கஃபெடேரியாவுக்கு வான்னு கூப்பிட்டாங்க. ரெண்டு கரக் டீ சொல்லிட்டு என்னையே பாத்துகிட்டு இருந்தாங்க.

"உன் புருஷன் அந்தக் கன்ட்ரோலை எங்கடி வச்சான்?"

"மாமி வீட்டுலக்கா. மாதா படத்துக்குக் கீழ."

"பக்கத்துல ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே ரூம் ஏதாவது இருக்கா?"

"அங்க மீன் ஏலம் போடுற இடமும் கோயிலும்தான் இருக்கு. ஏன்க்கா?"

"உன்னுதுல இருந்து அதைக் கழிச்சா மைனஸ்ல வருது. நீ என்ன, வட துருவத்துக்குப் போய் ரேடியேஷனைக் குடுத்துட்டு வந்தியா?" அவங்களே சிரிச்சாங்க, உடனே நிறுத்திட்டாங்க. "மிஷின் கோளாறுன்னு நினைச்சு செக் பண்ணிட்டேன். மிஷின் சரியாத்தான் இருக்கு. அப்புறம் எங்க லேப் அலமாரி கன்ட்ரோலை வச்சு ரெண்டையும் தனித்தனியாக் கழிச்சுப் பாத்தேன். இந்த பேட்ஜ் உன் வானத்துல வர்ற எல்லாத்தையும் பாக்காது, பாதியத்தான் பாக்கும். மிச்சப் பாதியையும் நானே உன் தலையில கூட்டிப் போட்டேன். அப்பவும் நீ வாங்கினது ஒண்ணுன்னா அந்தப் படத்துக்குக் கீழ இருந்தது ரெண்டு. ரெண்டுக்கும் கொஞ்சம் மேல."

எனக்குப் புரிய நேரமாச்சு.

"மணல்டி. அந்தக் கரையில இருக்குற கருமணல்ல தோரியம் உண்டு. இயற்கையா இருக்குறது, யாரும் கொண்டு வந்து போடல. எடத்துக்கு எடம் மாறும், ஒரு வீட்டுல இருக்கும், பக்கத்து வீட்டுல இருக்காது. அந்த ரூம் எப்படிக் கட்டினது?"

எப்படிக் கட்டினதுன்னு எனக்குத் தெரியும். அஸ்திவாரம் மேடாக்கக் கரையில இருந்து மணல் அள்ளிக் கொட்டினாங்க. பூச்சுக்கும் அதையே கலந்தாங்க. "மணல் ஓசி, வண்டிக்கூலி மட்டும்தான்"னு அருள் ஃபோன்ல பெருமையாச் சொன்னார். அந்த ரூம்ல நான் மாசக்கணக்கா, உடம்பை அசைக்காம, சுவரு பக்கமா ஒருக்களிச்சுப் படுத்துக் கிடந்தேன். பறந்தது கொஞ்ச நேரம், கிடந்தது ராவும் பகலும்.

"இரு, பொங்காத," பத்மாக்கா என் கையைப் புடிச்சாங்க. "இதை வச்சுகிட்டு அந்த ரூம்தான் பிள்ளையைக் கொன்னுச்சுன்னு நீ சொல்லக்கூடாது. ரெண்டுமே சின்ன அளவு. அந்த ஊர்ல தலைமுறையா பெத்து வளத்துகிட்டுதான் இருக்காங்க. அந்த டாக்டரம்மா சொன்னதுதான் சரி, காரணம் யாருக்கும் தெரியாது. ஆனா வானத்துலதான் கரைச்சேன்னு எவ சொன்னாலும் அவ மூஞ்சியில இதைத் தூக்கிப் போடு."

"எனக்கு அது போதும்க்கா"ன்னேன். நிஜமாவே போதும். வேற யார் மேலயும் பழி போட எனக்கு ஆசை இல்ல, என் மேல இருக்குறதை இறக்கி வச்சாச் சரி. லிஃப்ட்ல மேல போகும்போது தனியா நின்னு அழுதேன். சந்தோஷத்துலதான் அழுதேன், கேவலம், அதுலயும் ஒரு சந்தோஷம்.

அருள்கிட்ட சொன்னேன். டூட்டி முடிஞ்சு பூட்ஸைக் கழட்டிகிட்டு இருந்தார். ஒத்தைக் கால் பூட்ஸோட அப்படியே உக்காந்துட்டார். பத்மாக்காவுக்கு ஃபோன் போட்டு அவங்க தொழில் பாஷையில ஏதேதோ கேட்டார். மூஞ்சி வெளுத்துப் போச்சு. "தரையும் அந்த மணல்தான்... சுவரும் அதான்..."னு அவருக்குள்ளயே முனகினார். அப்புறம் என் தலையை இழுத்து நெஞ்சோட வச்சுகிட்டார். கல்யாணமாகி அவர் அப்படி வச்சுகிட்டது அதுதான் முதல் தடவைன்னு நினைக்கிறேன்.

"நான் அம்மாகிட்ட பேசுறேன் சங்கீ. நீ ஒண்ணும் பேசாத. ரெண்டு நாள் டைம் குடு."

குடுத்தேன். மறுநாள் எனக்கு அமெரிக்கா ஃப்ளைட். அந்தத் தடவை பேட்ஜ் இல்ல, நெஞ்சுல கனமும் இல்ல. கம்பளி கேட்டவனுக்கு ரெண்டாக் குடுத்தேன். அங்க தங்கின லேஓவர் நாள்ல அருளுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன், ஷார்ஜா வெயில்ல எங்க போடுவார்னுகூட யோசிக்கல.

திரும்பி வந்து க்ரூ பஸ்ல உக்காந்து ஃபோனை ஆன் பண்ணா மாமியோட வாய்ஸ் மெசேஜ். ஆசையாக் காதுல வச்சேன். மாமி முதல் தடவையா என்கிட்ட மன்னிப்புக் கேக்கப் போறாங்கன்னு நினைச்சேன், லூசு மாதிரி.

"மக்ளே சங்கீதா, அருளு எல்லாம் சொன்னான். மிஷினே சொல்லிட்டாம்லா, விமானத்துல இருக்கத்தான் செய்யுதுன்னு? நான் அன்னைக்கே சொன்னேன், நீதான் கேக்கல்ல. போட்டு, நடந்தது நடந்துட்டு, நான் இனி ஒண்ணும் பேசல்ல. நீ வேலைய விடுவன்னு அருளு சொன்னான், மாதாவுக்கு ஸ்தோத்திரம். இஞ்ச வந்து இரு. ரூம் காலியாத்தான் கெடக்கு. ஷைனிய அவ மாமியா வீட்டுக்கு மார்த்தாண்டத்துக்கே அனுப்பியாச்சு. தலைப்பிரசவத்துக்கு வந்த பிள்ளைய எவளாவது திருப்பி அனுப்புவாளா? ஊரு சிரிக்குவு. அருளுதான் ஒத்தக்கால்ல நின்னான், ரூம்ல ஈரம் இறங்குவாம், நெஞ்சு சளி புடிக்குமாம், இன்னைக்கே அனுப்புன்னு. நீ வா மக்ளே. நான் பாத்துக்கிடுதேன்."

பஸ்ல என் பக்கத்துல இருந்த ஃபிலிப்பினோ பொண்ணு, "ஆர் யூ ஓகே?"ன்னு கேட்டா. அவளுக்குத் தலையை ஆட்டினேன். திரும்பப் போட்டுக் கேட்டேன். திரும்பவும் கேட்டேன். அவன் அந்த நம்பரை நம்பியிருக்கான். நல்லாவே நம்பியிருக்கான். தங்கச்சின்னு வந்ததும், சீர் செஞ்சு கூட்டிட்டு வந்த பொண்ணை ஊர் சிரிச்சாலும் பரவாயில்லன்னு அன்னைக்கே கார் புடிச்சு அனுப்புற அளவுக்கு நம்பியிருக்கான். என் விஷயத்துல மட்டும் அதே மிஷின் வேற ஒண்ணு சொல்லிடுச்சாம்.

வீட்டுக்குப் போய்ப் பெட்டியை வாசல்லயே விட்டேன். அவன் சமையல்கட்டுல முட்டை பொரிச்சுகிட்டு இருந்தான்.

"என்ன சொன்னீங்க உங்க அம்மாகிட்ட?"

"சங்கீ, முதல்ல உக்காரு."

"என்ன சொன்னீங்கன்னு கேட்டேன்."

அடுப்பை அணைச்சான். "நான் பொய் சொல்லல. விமானத்துல இருக்கான்னு அம்மா கேட்டாங்க, இருக்குன்னேன். இருக்குதான? மத்ததை இப்பச் சொல்ல முடியாது. அந்த வீட்டுலதான் அம்மா முப்பது வருஷமா இருக்காங்க. அந்த ரூம் நான் கட்டினது. நான் மணல் அள்ளிப் போட்டது. அதைப் போய் எப்படி என் வாயால..."

"அப்ப என்னை மட்டும் எப்படிச் சொல்லலாம்?"

"உனக்கு என்ன ஆயிடுச்சு? அம்மா இனிமே ஒண்ணும் பேசமாட்டாங்க. நீ ஒரு ஆறு மாசம் வேலையை விட்டுட்டு ஊர்ல போய் இருந்தா எல்லாம் அடங்கிடும்."

"எங்க இருக்கணும்?"

அவன் முட்டையைத் தட்டுல எடுத்து வச்சான்.

"சொல்லுங்க அருள். எந்த ரூம்ல?"

"பத்மாக்காவே சொன்னாங்கல்ல," அவன் தரையைப் பாத்துகிட்டே சொன்னான், "சின்ன அளவுதான், ஒண்ணும் ஆகாதுன்னு."

அடப்பாவி. ஒண்ணும் ஆகாதாம். ஒண்ணும் ஆகாத ரூம்ல இருந்து தங்கச்சியை ஏன்டா தூக்கினேன்னு கேக்க வாயெடுத்தேன். அதுக்குள்ள ஃபோன் அடிச்சுச்சு. வீடியோ கால், மாமி. மகன் எப்பவும் போல சிரிச்சுகிட்டே எடுத்தான். என்ன மனுஷன் பாருங்க, முட்டை வாசனை மாதிரி அந்தச் சிரிப்பும் உடனே வந்துடுச்சு.

"மருமவ வந்துட்டாளா? காட்டு," மாமி குரல். அவன் ஃபோனை என் பக்கம் திருப்பினான். கண்ணாலயே கெஞ்சினான். மாமி அந்த ரூம்லதான் நின்னுகிட்டு இருந்தாங்க. பின்னாடி கட்டில், புது விரிப்பு போட்டு எனக்காக ரெடியா இருந்துச்சு.

"டிக்கெட் போட்டாச்சா மக்ளே? ஜன்னலுக்கு கொசுவலையும் அடிச்சிருக்கேன்."

"மாமி, ஒண்ணு கேக்கணும். அந்த ரூம்ல ஈரம் இருக்கா?"

"ஈரமா? எனக்கு ஒண்ணும் தெரியல்ல. சுவரு நல்லா காஞ்சுதான் கெடக்கு. அருளுதான் அப்பிடிச் சொன்னான்."

"அப்ப ஷைனியை எதுக்கு அனுப்பினாருன்னு உங்க மவன்கிட்ட கேளுங்க. இங்கதான் நிக்கிறாரு. மாதா படத்துக்குக் கீழ வச்ச பேட்ஜ்ல எவ்வளவு வந்துச்சுன்னு கேளுங்க. என்கூட துருவத்துக்கு வந்த பேட்ஜ்ல எவ்வளவு வந்துச்சுன்னும் கேளுங்க."

மாமி புரியாம, "என்னத்த..."ன்னு ஆரம்பிச்சாங்க. அவன் ஃபோனைப் புடுங்கி கட் பண்ணான்.  இவ்வளவு நாளும் சத்தமே போடாத மனுஷன் கத்தினான்.

"உனக்கு மனசாட்சி இருக்காடி? அம்மா மார்த்தாண்டத்துல போய்ச் சொல்லிடுவாங்க. என் தங்கச்சி காதுக்குப் போகும். அந்த ரூம்ல அவ எவ்வளவு நாள் படுத்திருந்தா, பயந்தே செத்துருவாளே! அவ வயித்துல பிள்ளை இருக்குடி!"

"என் வயித்துலயும் இருந்துச்சு, அருள்."

  அவன் கையில ஃபோன் திரும்ப அடிச்சுச்சு, அம்மான்னு எழுத்து வந்துச்சு. அவன் எடுக்கல, கட் பண்ணவும் இல்ல. நான் அவன் விரலை ஒவ்வொண்ணா விலக்கி ஃபோனை வாங்கி எடுத்தேன்.